பெட்டியில் அச்சிட்ட வேகம்

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் ஒரு புதிய தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் .458 வின்செஸ்டர் மேக்னம். குண்டின் விட்டம் 0.458 அங்குலம், அதாவது 11.6 மில்லிமீட்டர். எடை 500 கிரெய்ன், ஏறத்தாழ 32.4 கிராம். அதைச் சுடுவதற்கான ரைஃபிளுக்கே ‘ஆப்பிரிக்கன்’ என்று பெயர் வைத்தார்கள். யானை, காட்டெருமை போல ஆளைக் கொல்லக்கூடிய பெரிய விலங்குகளுக்கென்றே வடிவமைத்த தோட்டா அது. குழலை விட்டு வெளியேறும்போது குண்டு நொடிக்கு 2,130 அடி, ஏறத்தாழ 650 மீட்டர், வேகத்தில் பாயும் என்றது விளம்பரம்.

அதுவரை அந்த வேலையைச் செய்துவந்தவை பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள்கள். லண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் 1898இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், 480 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தியது. அரை நூற்றாண்டு காலம் காட்டில் நின்று நிரூபித்த கணக்கு அது. ஆனால் அந்தத் துப்பாக்கிகள் கைவேலையில் உருவானவை. விலையோ சாமானியர் நெருங்க முடியாதது. அதே பலத்தைத் தொழிற்சாலையில் செய்த போல்ட் ரைஃபிளில், அதுவும் மலிவாகத் தருகிறோம் என்று வின்செஸ்டர் சொன்னதும், ஆப்பிரிக்காவில் தொழில்முறை வேட்டைக்காரர்களும் வனவிலங்குத் துறையினரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

சில ஆண்டுகளில் புகார்கள் வரத் தொடங்கின. குண்டு எலும்பைத் தாண்டிப் போகவில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்கள் இரண்டு விதமாக உதைத்தன. 1959இல் மொசாம்பிக்கில் ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரரைக் காயம்பட்ட காட்டெருமை ஒன்று முட்டித் தூக்கியெறிந்தது. உயிர் பிழைத்த லாட், .458 போதாது என்ற முடிவோடு ஊர் திரும்பினார்.

வேகமானியை வைத்து அளந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. பல தோட்டாக்கள் நொடிக்கு 2,000 அடியைக்கூட, அதாவது 610 மீட்டரைக்கூட, எட்டவில்லை. காரணம் பித்தளைக் கூட்டின் நீளத்தில் இருந்தது. சாதாரண நீளமுள்ள ரைஃபிளில் நுழைய வேண்டும் என்பதற்காகக் கூட்டை 2.5 அங்குலத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு கனமான குண்டுக்குத் தேவையான வெடிமருந்து அதற்குள் தளர்வாக அடங்கவில்லை. எனவே அமுக்கி நிரப்பினார்கள். அமுக்கிய மருந்து மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தபோது, ஈரம் பட்ட சர்க்கரை போலக் கட்டி தட்டியது. கட்டி தட்டிய மருந்து ஒரே சீராக எரியாது. ஒரு பகுதி எரியாமலேயே குழலுக்கு வெளியே போய் விழும். போதாததற்கு, விளம்பரத்தில் சொன்ன வேகம் 26 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. வேட்டைக்காரரின் தோளில் தொங்கியதோ அதைவிடக் குட்டையான குழல்.

650க்கும் 600க்கும் ஐம்பதுதானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் எட்டு விழுக்காடு குறைந்தால் ஆற்றல் பதினைந்து விழுக்காடு குறைகிறது. 580க்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பதினைந்து அடி தூரத்தில் பாய்ந்து வரும் முக்கால் டன் காட்டெருமையின் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையிலான தூரத்தை அந்த ஐந்தில் ஒரு பங்குதான் தீர்மானிக்கும்.

வின்செஸ்டர் பிற்பாடு குறையைச் சரிசெய்தது. ஆனால் லாட் காத்திருக்கவில்லை. 1971இல் கூட்டின் நீளத்தை 2.8 அங்குலமாக்கித் தம் பெயரில் ஒரு தோட்டாவை உருவாக்கினார். அதே 500 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,300 அடி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தப் பெரிய தொழிற்சாலையும் அதைத் தயாரிக்கவில்லை. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள், தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொண்டவர்கள். அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான சாமி அதற்கு அளவு வகுத்தது 1995இல்தான்.

சுட்ட கூடுகளைப் பொறுக்கியெடுத்து, பழைய அளவுக்கு நெரித்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய கேப்பு செருகி, மருந்தை எடைபோட்டு ஊற்றி, புதிய குண்டைப் பொருத்துவது அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அந்தந்தச் சட்டத்துக்கு உட்பட்டுப் பரவலாக நடப்பது. இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959இன் 5ஆம் பிரிவு, தோட்டா தயாரிப்பதை மட்டுமல்ல, சோதித்துப் பார்ப்பதையும் உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது என்கிறது. அந்தச் ‘சோதித்துப் பார்ப்பது’ என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் காரணத்தோடுதான் சேர்த்திருக்க வேண்டும். தோட்டா நிரப்புவதில் எளிதான பகுதி நிரப்புவது. நிரப்பியது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். பெரிய விட்டமுள்ள ரைஃபிள்களில் அது இன்னும் கடினம். ஏனென்றால் அங்கே கண், காது, தோள் மூன்றுமே ஏமாற்றும்.

தோளிலிருந்தே தொடங்கலாம். 32.4 கிராம் குண்டு நொடிக்கு 650 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் நொடிக்கு 21 கிலோகிராம்-மீட்டர். பின்னால் பீறிடும் வாயுவின் பங்கு சுமார் 6. மொத்தம் 27. நான்கு கிலோ எடையுள்ள ரைஃபிள் அதே உந்தத்தோடு பின்னோக்கி வர வேண்டும். அதாவது நொடிக்கு ஆறரை மீட்டருக்கும் அதிகமான வேகம். தோளில் இறங்கும் ஆற்றல் ஏறத்தாழ 90 ஜூல். பரவலாகப் புழங்கும் .30-06 ரைஃபிளின் உதைப்பைப் போல இது மூன்று மடங்கு. இப்படி உதைக்கும்போது, ‘நேற்று சுட்டதைவிட இது பலமாக இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அது மதிய வெயிலையோ, நிற்கும் நிலையையோ, மனத்துக்குள் இருக்கும் பயத்தையோ பற்றிய தகவலாக இருக்கலாம். குண்டின் வேகத்தைப் பற்றிய தகவல் அல்ல. எட்டு விழுக்காடு வேறுபாட்டைத் தோளை மட்டும் நம்பி அளவிட்டுவிட முடியாது.

குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தகுந்த விதத்தில் அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் வெளிவந்த அவருடைய நூலில் அந்தக் கருவி விளக்கப்பட்டிருக்கிறது. கருவி என்றால், முக்காலியிலிருந்து தொங்கும் ஒரு கனமான ஊசல்; குண்டு பாய்ந்து நிற்பதற்கு அதன் முகத்தில் ஒரு மரப்பலகை; ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்று காட்ட அதன் அடியில் ஒரு நாடா. குண்டின் வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் 35 கிராம் ஈயக்குண்டு நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்து 25 கிலோ ஊசலில் புதைந்தால், ஊசல் நொடிக்கு 70 சென்டிமீட்டர் வேகத்தில் கிளம்பி இரண்டரை சென்டிமீட்டர் உயரம் ஏறும். அதை அடிக்கோலால் அளந்துவிடலாம். உந்தம் அழியாது என்ற நியூட்டனின் விதியை வைத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டால் குண்டின் வேகம் கிடைத்துவிடும்.

ஊசலைத் துப்பாக்கிக்குப் பக்கத்திலும் தள்ளியும் வைத்து அளந்த ராபின்ஸ் இன்னொன்றையும் கண்டார். வேகமாகப் போகும் குண்டைக் காற்று மிகக் கடுமையாகத் தடுக்கிறது. அதுவரை கணிதவியலாளர்கள் நினைத்திருந்ததைவிடப் பல மடங்கு. பலர் நம்ப மறுத்தார்கள். மாபெரும் கணித மேதை ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தம் விரிவுரையையும் சேர்த்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1746இல் ராபின்ஸுக்குக் கோப்லி பதக்கம் அளித்தது.

அந்த ராபின்ஸின் வாழ்க்கை முடிந்தது நம் கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்து, சென்னைக் கோட்டையையும் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையையும் சீர்செய்ய அனுப்பியது. 1750இல் வந்தார். காய்ச்சலில் விழுந்தார். 1751 ஜூலையில் புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார், வயது 44. நவீன ஆயுத இயக்க அறிவியலுக்கு அடித்தளமிட்டவர் அந்தக் கடற்கரையில் காலமானார் என்பது கடலூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாத செய்தி.

ஊசலின் இடத்தை 1860களில் பெல்ஜியப் படை அதிகாரி லெ பூலாஞ்செயின் மின்கருவி பிடித்தது. குண்டு முதல் கம்பித்திரையை அறுத்ததும் ஒரு மின்காந்தம் தன் பிடியை விடும். இரண்டாம் திரையை அறுத்ததும் இன்னொன்று விடும். கீழே விழும் கோலில் பதியும் வெட்டுக்குறியின் உயரத்திலிருந்து இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஒளியுணர் திரைகளாக மாறி, தோட்டா நிரப்பும் தனிமனிதர்களின் கைக்கும் வந்தது. டெக்சாஸின் ஓலர் நிறுவனம் செய்த வேகமானியில் இரண்டல்ல, மூன்று திரைகள். முதல் திரைக்கும் கடைசித் திரைக்கும் இடையே ஒரு முறை, முதலுக்கும் நடுவிலுள்ளதற்கும் இடையே மறுமுறை என ஒரே குண்டை இரண்டு தடவை அளந்து, இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை நம்பாதே என்று அதுவே சொல்லிவிடும். அளவுகருவியே தன்னைத் தானே சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய நற்பண்பு! பெரிய ரைஃபிள்களுக்கு அது மிகவும் தேவை. குழல் வாயிலிருந்து வெடித்துக் கிளம்பும் வாயுவும் எரியாத மருந்துத் துகளும் குண்டை முந்திக்கொண்டு திரையைத் தூண்டிவிடும். அதனால்தான் முதல் திரையை நான்கைந்து மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் உள்ளங்கையில் அடங்கும் டாப்ளர் ரேடார்கள் வந்துவிட்டதால் அந்தத் தொல்லையும் குறைந்திருக்கிறது.

ஆனால் வேகம் பாதிக்கதைதான். அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை அழுத்தம்தான் சொல்லும்.

கேப்பு பற்றியதிலிருந்து குண்டு வெளியேறும் வரை எல்லாமே சில மில்லிநொடிகளுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் கூட்டினுள் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல மூவாயிரம், நாலாயிரம் மடங்குக்கு ஏறி இறங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆண்ட்ரூ நோபிள் இதை அளக்க ஒரு வழி கண்டார். வெடியறையின் சுவரில் ஒரு துளை. துளையில் ஒரு பிஸ்டன். பிஸ்டனுக்குப் பின்னால் சிறிய செம்பு உருளை. வெடித்ததும் பிஸ்டன் செம்பை நசுக்கும். நசுங்கிய உருளையின் உயரத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் அழுத்தம் தெரியும். எளிய, அழகான முறை, நூறாண்டு நிலைத்தது. ஆனால் செம்பு நசுங்க நேரம் எடுக்கிறது. அழுத்தம் ஒரு கணம் உச்சத்துக்குத் தாவித் திரும்பினால் செம்பு அதை முழுமையாகப் பதிவு செய்யாது. இப்போது ஆய்வகங்களில் அழுத்தம் பட்டால் மின்னூட்டம் தரும் படிகங்களைப் பயன்படுத்துகிறார்கள். 1880இல் பியர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்த பண்பு அது. உச்சம் மட்டுமல்ல, ஏற்ற இறக்கத்தின் முழு வளைவரையும் அதில் கிடைக்கிறது.

தனியாகத் தோட்டா நிரப்புபவரிடம் அந்த வசதி கிடையாது. எனவே பலரும் காலியான கூட்டைப் பார்த்துக் குறி சொல்கிறார்கள். கேப்பு தட்டையாகிவிட்டதா, போல்ட்டைத் தூக்கும்போது இறுக்குகிறதா, கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளப்பான தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வலுவான போல்ட் ரைஃபிளில் இதற்கு ஓரளவு பொருள் உண்டு. ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி. .458 வின்செஸ்டருக்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4,300 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). ஏறத்தாழ அந்த அளவைத் தாண்டும்போதுதான் பித்தளை தன் வேதனையைக் காட்டத் தொடங்கும்.

இரட்டைக்குழல் ரைஃபிளுக்கு வாருங்கள். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு சி.ஐ.பி. வைத்திருக்கும் வரம்பு 2,700 பார் மட்டுமே. கீல் போட்டு மடங்கும் அந்தப் பழைய துப்பாக்கிகள் அதற்காகத்தான் செய்யப்பட்டவை. அவற்றில் அழுத்தம் 3,500 பாருக்குப் போனாலும் கேப்பு உருண்டையாகத்தான் இருக்கும். கூடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கூட்டைப் பார்ப்பவருக்கு எல்லாம் நலம். துப்பாக்கியின் கீலும் பூட்டும் ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருக்கும். நூறாண்டுக்கு முன் ஒரு கைவினைஞர் மாதக்கணக்கில் இழைத்த பொருளை, கேப்பின் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அழித்துவிடலாம். பித்தளைக் குறி பார்ப்பதை இரட்டைக்குழல் ரைஃபிளில் பாதுகாப்புச் சோதனை என்று சொல்வது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. குழலின் மேல் திரிபு உணரியை ஒட்டி, வெடிக்கும்போது எஃகு எவ்வளவு விரிகிறது என்று பதிவு செய்வது தனிமனிதர்களுக்கும் எட்டும் வழி. அதையும் அழுத்தம் தெரிந்த தோட்டாவோடு ஒப்பிட்டுத்தான் நம்ப முடியும்.

அந்த வரம்பு ஏன் அவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்டது என்பதற்குப் பின்னால் வெயில் இருக்கிறது. 1889இல் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் உருவாக்கிய கார்டைட், நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் சேர்த்து, வாசலின் கலந்து, நூல் நூலாகப் பிழிந்தெடுத்த மருந்து. நீலகிரியில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மலை ரயிலில் போனவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பார்கள். அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மருந்தைத் தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. கார்டைட்டின் குறை, சூடேறினால் வேகமாக எரிவது. இங்கிலாந்தின் குளிரில் அடக்கமாக இருந்த தோட்டா, நாக்பூர் வெயிலிலோ சூடானிலோ கிடந்து சூடேறினால் அழுத்தம் எகிறும். வெப்பத்தில் ஏறிய அழுத்தம் கூட்டைச் சுவரோடு அப்பிவிட, அடுத்த தோட்டாவைப் போட முடியாமல் ஒருவர் காட்டில் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் மாற்றி யோசித்தார்கள். கூட்டைத் தேவைக்கு மேல் பெரிதாக்கினார்கள். உள்ளே இடம் அதிகம் இருந்தால் அதே மருந்து தாழ்ந்த அழுத்தத்தில் எரியும். வெயில் கூட்டும் பங்கைத் தாங்க இடமிருக்கும். 1911இல் வந்த .416 ரிக்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 410 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,370 அடி வேகத்தில் அனுப்புகிறது; ஆனால் அதன் அழுத்த வரம்பு 3,250 பார்தான். .458 வின்செஸ்டரில் கூட்டைச் சுருக்கியபோது கைவிட்டது இந்த ஞானத்தைத்தான்.

இன்றைய மருந்துகள் வெப்பத்துக்கு அவ்வளவு அசைவதில்லை. ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் செய்து, அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் பெயரில் விற்கப்படும் சில மருந்துகள் அதற்காகவே பெயர் பெற்றவை. ஆனாலும் தரச்சோதனை நடப்பது 21 டிகிரி செல்சியஸில். ஜாம்பியாவில் அக்டோபர் மாத நண்பகலில் வண்டிக்குள் கிடக்கும் தோட்டாவின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். பழைய வகை மருந்துகளில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு அரை மீட்டர் வேகம் கூடும் என்பது துப்பாக்கிக்காரர்களின் கைக்கணக்கு. முப்பது டிகிரி ஏறினால் பதினைந்து மீட்டர் கூடும். வேகத்தைவிட வேகமாக அழுத்தமும் கூடும். எனவே கவனமுள்ளவர்கள் ஒரே தோட்டாவைக் காலைக் குளிரிலும் உச்சி வெயிலிலும் தனித்தனியே அளந்து குறித்துக்கொள்கிறார்கள்.

இரட்டைக்குழல் ரைஃபிளுக்கு இன்னொரு விசித்திரமான சோதனை உண்டு. அதில் இலக்கு அட்டையே வேகமானியாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு குழல்களும் இணையாக ஓடுவதில்லை. முனை நோக்கிச் சற்றே உள்பக்கம் சாய்ந்திருக்கும். வலக்குழலைச் சுட்டால், குண்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி வலப்பக்கமும் மேலும் திரும்பத் தொடங்கிவிடும். இடக்குழலைச் சுட்டால் இடப்பக்கம். அந்தத் திருப்பத்தை ஈடுகட்டத்தான் சாய்வு. துப்பாக்கி செய்பவர் குழல் முனைகளுக்கு இடையே ஆப்பு செருகி, சுட்டுப் பார்த்து, ஈயப் பற்றை உருக்கி, ஆப்பை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி சுட்டு, இரண்டு குண்டும் ஓரிடத்தில் விழும்வரை உழைப்பார். அதுவும் ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டும். அந்த எடையுள்ள குண்டு, அந்த வேகம். பல பழைய துப்பாக்கிகளின் குழலில் அந்த மருந்தின் அளவையும் குண்டின் எடையையும் செதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

நிரப்பிய தோட்டா அந்த வேகத்தைவிட மெதுவாக இருந்தால், குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும். துப்பாக்கி அதிகம் திரும்பிவிடும். வலக்குழலின் துளை வலப்பக்கமும் இடக்குழலின் துளை இடப்பக்கமுமாக விலகி விழும். வேகம் மிஞ்சினால் தலைகீழ். இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்துவிடும். ஐம்பது மீட்டரில் இரண்டு குழலின் துளைகளும் ஓரங்குல, ஈரங்குல இடைவெளிக்குள் அக்கம்பக்கமாக அமைந்தால், அந்தத் துப்பாக்கியின் குழல்களைச் சீரமைத்தவர் எந்த வேகத்தை மனத்தில் வைத்திருந்தாரோ அது திரும்பக் கிடைத்துவிட்டது என்று பொருள். 1960களுக்குப் பிறகு பிரிட்டனின் கைனாக் நிறுவனம் இந்தப் பெரிய தோட்டாக்களைக் கைவிட்டபோது, பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான ரைஃபிள்களை ஆர்வலர்கள் உயிர்ப்பித்தது இந்தத் துளைகளைப் படித்துத்தான்.

இந்தத் துப்பாக்கிகளுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாவைத் தடைசெய்தது. படையிடமிருந்து கைமாறிய பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளில் அந்தக் குண்டுகளைக் கிளர்ச்சியாளர்கள் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சம். உடனே லண்டன் நிறுவனங்கள் சற்றே வேறு விட்டத்தில் .465, .470, .475 என்று வரிசையாகத் தோட்டாக்களைச் செய்தன. அவற்றுள் .470தான் இன்றும் தழைத்து நிற்கிறது.

பெரிய கூட்டில் மற்றொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. கார்டைட் நூல்கள் கூட்டின் முழு நீளத்துக்கும் நின்றன. இன்றைய துகள் மருந்தைப் போட்டால் கூட்டில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். துப்பாக்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டு உயர்த்தினால் மருந்து குண்டின் பக்கம் குவியும். மேல்நோக்கிச் சாய்த்துவிட்டு இறக்கினால் கேப்பின் பக்கம். ஒரே தோட்டா இரண்டு வேகம் காட்டும். சில வேளை விசையை இழுத்துக் கண நேரம் கழித்து வெடிக்கும். மருந்து அசையாமலிருக்க இலவம்பஞ்சோ நுரைப் பஞ்சோ வைப்பவர்கள் உண்டு. எனவே சோதனையில், குழலைக் கீழே சாய்த்து ஐந்து, மேலே சாய்த்து ஐந்து என்று சுட்டு, இரண்டு வரிசைக்கும் வேறுபாடு இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போவார்கள். பயந்துகொண்டு மருந்தைக் குறைப்பதும் இங்கே பாதுகாப்பு ஆகாது. மெதுவாக எரியும் சில மருந்துகளைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாகப் போட்டபோது துப்பாக்கி சிதறிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஆய்வகத்தில் நினைத்தபோதெல்லாம் அதை நிகழ்த்திக் காட்ட முடிவதில்லை என்பதே அதைக் கூடுதல் ஆபத்தாக்குகிறது. அச்சிட்ட கையேட்டின் கீழ்வரம்பையும் மேல்வரம்பைப் போலவே மதிக்க வேண்டும்.

எத்தனை முறை சுட்டால் ஒரு தோட்டாவைத் தெரிந்துகொண்டதாகச் சொல்லலாம்? உதைப்பும் விலையும் சேர்ந்து பலரையும் மூன்று, நான்கோடு நிறுத்திவிடுகின்றன. புள்ளியியல் இங்கே இரக்கமற்றது. ஐந்து முறை சுட்டதில் வேகத்தின் திட்டவிலக்கம் நொடிக்கு 5 மீட்டர் என்று வந்தால், உண்மையான மதிப்பு 3 ஆகவும் இருக்கலாம், 14 ஆகவும் இருக்கலாம். 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லை அவ்வளவு அகலம். முப்பது முறை சுட்டால்தான் அது 4க்கும் 6.7க்கும் இடையே சுருங்குகிறது. ஒரே நாளில் முப்பது முறை 90 ஜூல் உதை வாங்கினால், பத்தாவது சூட்டிலேயே உடல் முன்கூட்டிக் கூசத் தொடங்கிவிடும். எனவே உயரமான தாங்கியில் துப்பாக்கியை வைத்து, நின்றபடி, உடல் உதையோடு பின்னுக்கு வளைய இடம்கொடுத்துச் சுடுகிறார்கள். சில நாட்களில் பிரித்துச் சுட்டுச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். மூன்று துளைகளை ஒரே நாணயத்தால் மூடிக் காட்டும் படம் பார்க்க அழகு. சான்றாக அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது.

அதே வேளை, பெரிய ரைஃபிளுக்குத் துல்லியம் முதல் தேவையும் அல்ல. ஐம்பது மீட்டருக்குள் சுடப்படும் துப்பாக்கி அது. குண்டு உடையாமல், வளையாமல், நேராக ஆழம் போகிறதா என்பதே கேள்வி. நனைத்த செய்தித்தாள் கட்டுகளை வரிசையாக அடுக்கி அதைப் பார்ப்பார்கள். ஆய்வகங்களில் ஜெலட்டின் கட்டிகள். இரண்டுமே விலங்கின் உடல் அல்ல. ஆனால் ஒரே கட்டில் இரண்டு குண்டுகளை ஒப்பிடலாம். வளைந்து திரும்பும் குண்டைக் காட்டுக்குப் போகும் முன்பே கழித்துவிடலாம். குறைப்பட்ட தோட்டாவின் விலையை முதலில் கொடுப்பது விலங்குதான். காயத்தோடு புதருக்குள் போய் நாட்கணக்கில் சாகும். அதைத் தேடிப் போகிறவர் அடுத்து.

மிகக் குறைவாகப் பேசப்படும் சோதனை மேகஸினுக்குள் நடக்கிறது. ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது, மேகஸினில் காத்திருக்கும் தோட்டாக்கள் இருந்த இடத்திலேயே நிற்க முயலும். மேகஸினின் முன்சுவர் வந்து அவற்றின் மூக்கில் மோதும். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு குத்து. கூட்டின் வாய் குண்டை இறுகப் பிடித்திருக்காவிட்டால் குண்டு உள்ளே இறங்கும். உள்ளே இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் ஏறும். இதைப் பார்க்க ஒரு தோட்டாவில் மையால் குறியிட்டு, வெர்னியரால் நீளம் அளந்து, மேகஸினின் அடியில் போட்டுவிடுவார்கள். மேலே உள்ளவற்றை மட்டும் சுடுவார்கள்; மறுபடி நிரப்பிச் சுடுவார்கள். அவ்வப்போது அடியிலுள்ளதை எடுத்து அளப்பார்கள். பத்து உதைக்குப் பிறகும் நீளம் மாறாமலிருந்தால் கூட்டின் பிடி சரி. கால் மில்லிமீட்டர் குறைந்திருந்தாலும் அந்த முழுத் தொகுதியையும் பிரித்துவிட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளைக் கால்நடையாக அழைத்துப் போகும் வழிகாட்டிகள் .375, .458 ரைஃபிள்களைத்தான் சுமக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதைச் சுட வேண்டிய நாள் வரவே கூடாது என்று விரும்புபவர்கள். பின்னால் வரிசையில் வரும் எட்டுப் பேரின் உயிர் அந்த நான்கைந்து தோட்டாக்களை நம்பியிருக்கிறது. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை மாதிரிக்கு எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் போல்ட் ஓடித் தோட்டா தடையின்றி அறைக்குள் நுழைந்து வெளியேறுகிறதா என்ற சோதனையை மாதிரியோடு முடிக்க முடியாது. காட்டுக்குப் போகும் ஒவ்வொரு தோட்டாவையும், சுடுதளத்தில் குழலை இலக்கு மேட்டின் பக்கம் நீட்டியபடி, அதே ரைஃபிளில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தாக வேண்டும். சற்றே இறுகியது, சற்றே தட்டியது எதுவானாலும் அது சுடுதளப் பயிற்சிக்கான பெட்டிக்குப் போக வேண்டும்.